பூட்டிய வீட்டுக்குள்ளே

"பேய் பிடித்துவிட்டது!" என்றனர் ஊரார். உடுக்கை ஒலித்தது, வேப்பிலை வீசிற்று, திருநீறு பறந்தது. நடுவிலே அமர்த்தப்பட்டிருந்தாள் ஒரு பெண். சென்ற ஆண்டு வரை என் வகுப்பின் முதல் வரிசையில் வீற்றிருந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவள். கல்லூரி வாயிலைக் கனவிலே கண்டவள். வீட்டார் குறித்ததோ கல்லூரியில் சேரும் நாளை அன்று, மணநாளை! அன்று மூடிய வாயை அவள் திறக்கவில்லை. உணவும் கொள்ளவில்லை. "எந்த மரத்துப் பேய்?" என்று ஆராய்ந்தனர் அனைவரும். "இந்த வீட்டிலே இவளுக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டவர் ஒருவரும் இலர்.

கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைச் சொல்லால் அன்று, படக்கருவியால் கேட்ட பெண்கள் மூவர் உண்டு. பிரெஞ்சு நாட்டு ஜெர்மேன் டுலாக். உக்ரைனிலே பிறந்து அமெரிக்காவிலே வளர்ந்த மாயா டெரென். பெல்ஜிய நாட்டு ஷாந்தால் ஆக்கர்மேன். அவர்கள் எடுத்த படங்கள் 1923, 1943, 1968 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. முதற்படம் ஏறத்தாழ 40 நிமிடம். மற்றவை 13, 14 நிமிடம். மூவரும் ஒரே பள்ளியிலே பயின்றவர் அல்லர். ஒரே தலைமுறையினரும் அல்லர். எனினும் மூவரும் காட்டுவது ஒன்றே: ஒரு வீடு, அதற்குள்ளே ஒரு பெண், அவள் உள்ளத்திலே எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு போர். நோயை அவள் தலைக்குள் மட்டும் தேடாதீர், அந்த வீட்டுக்குள்ளும் தேடுங்கள் என்பதே இம்மூன்று படங்களும் நமக்குக் கூறும் உண்மை. இந்தக் கோணத்திலிருந்து அவற்றை ஆராய்வோம்.

முதலில் டுலாக். 1882-இல் பிறந்தவர், படத்துறைக்கு வருமுன் பெண்ணுரிமை ஏடுகளிலே எழுதிப் பழகிய கை அவருடையது. டெனி அமியேல், ஆந்த்ரே ஓபே ஆகிய இருவர் எழுதிய நாடகமொன்றை எடுத்து, "புன்னகைக்கும் பூதே அம்மையார்" என்ற பேசாப் படமாக்கினார். சிற்றூர் ஒன்றிலே துணி வணிகர் பூதே. அவர் மனைவி நூல் படிப்பவள், பியானோ வாசிப்பவள். கணவர் கொடியவர் அல்லர், அடிப்பதில்லை, குடிப்பதில்லை. அதுதான் கொடுமையின் நுட்பம்! மேசைமீது பூச்சாடியை ஓரத்திலே வைக்கிறாள் அவள். நடுவிலே நகர்த்தி வைக்கிறார் அவர். மீண்டும் ஓரம், மீண்டும் நடு. வெளியே செல்லும்போது பியானோவைப் பூட்டிவிட்டுச் செல்கிறார். கோபம் வந்தால் குண்டில்லாத கைத்துப்பாக்கியைத் தம் நெற்றியிலே வைத்துச் சுட்டுக்கொள்வதுபோல் நடித்துச் சிரிக்கிறார். அந்த நகைச்சுவை நாள்தோறும் அரங்கேறுகிறது.

ஒரு நாள் அவள் அத்துப்பாக்கியிலே குண்டை நிரப்பி வைக்கிறாள். விடிந்ததும் நெஞ்சு நடுங்கி, அதை எடுத்துவிட முயல்கிறாள்; முடியவில்லை. கணவரோ இம்முறை விளையாட்டாக அவளை நோக்கியே சுடுகிறார்! குண்டு தவறிவிடுகிறது. தன்னைத்தான் மாய்த்துக்கொள்ள அவள் குண்டு வைத்தாள் என்று எண்ணி, அவளைக் கட்டி அணைத்து உருகுகிறார். அவளுடைய சினத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை! அறியாமைக்கு இதனினும் கூரிய படப்பிடிப்பு உண்டோ? டுலாக் கண்ணாடி வில்லையை வளைத்துக் கணவரின் முகத்தை அவள் கண்ணுக்குத் தோன்றும் வண்ணம் கோணலாக்கிக் காட்டுகிறார். இதழிலே அச்சான பந்தாட்ட வீரன் உயிர்பெற்று எழுந்து கணவரைத் தூக்கிச் செல்வதாக அவள் காணும் பகற்கனவையும் காட்டுகிறார். பெண்ணின் மனம் பித்தேறிவிட்டது என்று மருத்துவன்போல் வெளியே நின்று அவர் சுட்டவில்லை. அவள் கண்ணுக்குள்ளே நம்மைக் குடியேற்றுகிறார்; "இங்கிருந்து பாருங்கள், பித்து எங்கே இருக்கிறது?" என்று வினவுகிறார்.

இருபது ஆண்டு கழித்து வருகிறார் டெரென். 1917-இல் கீவ் நகரிலே பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சேர்ந்தவர். தந்தையார் மனநோய் மருத்துவர். கணவர் அலெக்சாண்டர் ஹாமிட்டுடன் சேர்ந்து, தாம் வாழ்ந்த இல்லத்திலேயே, ஏறத்தாழ 275 டாலர் செலவிலே எடுத்த படம் "பிற்பகலின் வலைகள்". முதலாளி இல்லை, படப்பிடிப்பு நிலையம் இல்லை, நடிகர் பட்டாளம் இல்லை. டெரெனே நடித்தார், கணவரும் நடித்தார். குறும்படத்தின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. நெடும்படத்துக்குக் கோடிகள் வேண்டும். கோடிகள் ஆடவர் கையிலே. எனவே கதையும் ஆடவர் வாயிலே! சிறு கருவியும் சில நாளும் கிடைத்ததும், பெண் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கதை என்று சொன்னேன். வழக்கமான கதை அங்கே இல்லை. தெருவிலே மலரொன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள் ஒருத்தி. சாவி கைநழுவிப் படிகளிலே துள்ளி விழுகிறது. உள்ளே ரொட்டியில் குத்திய கத்தி. எடுத்து வைத்த தொலைபேசி. கேட்பாரற்றுச் சுழலும் இசைத்தட்டு. நாற்காலியிலே சாய்ந்து உறங்குகிறாள். கனவிலே அதே தெரு, அதே படி, அதே சாவி, மீண்டும் மீண்டும்! முகம் இருக்க வேண்டிய இடத்திலே கண்ணாடி பதித்த கரிய உருவமொன்று நடக்கிறது, இவள் தொடர்கிறாள், எட்டவில்லை. ஒருத்தியே மூவராகி ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறாள். சாவி கத்தியாகிறது, மலரும் கத்தியாகிறது. முடிவிலே கணவன் கதவைத் திறக்கிறான். நாற்காலியிலே அவள் உயிரற்றுக் கிடக்கிறாள்.

இதற்கு அகராதி தேடி அலைவோர் உளர்: சாவி என்றால் இன்னது, கத்தி என்றால் இன்னது என்று. அப்படித் தம் படத்தைப் படிப்பதை டெரெனே விரும்பவில்லை. எனக்குத் தோன்றுவது எளிய பொருள். வீட்டுக்குள்ளே நாள்தோறும் ஒரே வேலையைச் செய்பவளுக்கு, ரொட்டிக் கத்தியும் கதவுச் சாவியும் வெறும் பொருள்களாக நில்லா; அச்சம் ஏறிய பொருள்களாகிவிடும். மனச்சோர்வு வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். "காலையில் எழுந்து படியிறங்குவதே மலையேறுவதுபோல் இருக்கிறது" என்பார்கள். அதைத்தான் டெரென் படமாக்கினார்.

குறை இல்லையா? உண்டு. கனவின் மயக்கிலே, அவளை இந்நிலைக்குத் தள்ளியது எது என்பது மறைந்துவிடுகிறது. டுலாக் பூட்டிய பியானோவைக் காட்டினார். டெரென் பூட்டை மட்டும் காட்டினார். இவரைப் பின்பற்றிய இளைஞர் பலர், மூட்டத்தைக் கிளப்பி அதையே ஆழம் என்று எண்ணி ஏமாந்தனர். டெரென் பின்னாளிலே ஹெய்தி நாட்டு வூடூச் சடங்குகளிலே ஈடுபாடு கொண்டு, 1953-இல் அதுபற்றி நூலும் எழுதினார். அந்த ஈடுபாட்டிலே நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் 1943-இன் படத்திலே தெய்வம் இல்லை, பேய் இல்லை. கரிய உருவத்தின் முகத்திரைக்குள்ளே இருப்பது கண்ணாடியே! அதிலே தெரிவது பார்ப்பவர் முகமே. பகுத்தறிவாளர் இதனினும் வேறென்ன கேட்க முடியும்?

மூன்றாமவர் ஆக்கர்மேன். 1950-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரிலே பிறந்தவர். தாயார் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்மீண்டவர். படக்கல்லூரியிலே சேர்ந்து சில திங்களிலேயே விலகி, பதினெட்டாம் அகவையிலே தாமே பணம் திரட்டி எடுத்தார், "வெடித்துப் போ, என் ஊரே!" என்ற 13 நிமிடப் படத்தை. அதிலே நடித்தவரும் அவரே. மலர்க்கொத்துடன் பாடிக்கொண்டே மாடியேறி வருகிறாள் ஓர் இளநங்கை. சமையலறைக்குள் நுழைகிறாள். சமைக்கிறாள், உண்கிறாள், தரையைக் கழுவுகிறாள், செருப்புக்கு மை பூசுகிறாள், அந்தக் கையோடு காலுக்கும் பூசிக்கொள்கிறாள்! பார்ப்பவர் சிரிக்கிறோம். தாய் கற்றுத்தந்த வேலைகள் அனைத்தும் அங்கே தலைகீழாகின்றன. இடையிலே கதவிடுக்குகளை ஒட்டி அடைக்கிறாள். நம் சிரிப்பு உறைகிறது. திரை இருள்கிறது, வெடியோசை கேட்கிறது, அதன் பிறகும் அவள் முணுமுணுத்த பாட்டு தொடர்கிறது.

இளைஞர்கள் காண வேண்டிய படமா இது? என்னிடம் இப்படிக் கேட்டவர் உண்டு. ஆம் என்பேன், தனித்து அன்று, கூடியிருந்து காண வேண்டும், கண்டபின் பேச வேண்டும். சாவை அழகுபடுத்தும் படம் அன்று இது. பாடும் பெண், சிரிக்கும் பெண், சுறுசுறுப்பான பெண். அவளுக்குள்ளேயும் இப்படி ஓர் இருள் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கும் படம். ஆக்கர்மேன் 2015 அக்டோபரிலே மறைந்தார். அந்த மறைவை வைத்து இப்படத்துக்கு உரை எழுதுவோர் பெரும்பிழை செய்கின்றனர். 1968-க்கும் 2015-க்கும் இடையே 47 ஆண்டு உழைப்பு நிற்கிறது! அதே சமையலறையை விரித்து 1975-இல் அவர் எடுத்த "ழான் தீல்மான்" என்ற நெடும்படத்தை, 2022-இல் பிரிட்டனின் "சைட் அண்ட் சவுண்ட்" இதழ் நடத்திய திறனாய்வாளர் வாக்கெடுப்பு, உலகின் தலைசிறந்த படமெனத் தேர்ந்தது. ஒரு பெண்ணின் படம் அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. ஒருவர் வாழ்வை அவர் இறந்த நாளைக் கொண்டு அளப்பது அறிவுடைமை ஆகாது.

மூன்று படங்களையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஒரு வெற்றிடம் கண்ணை உறுத்துகிறது. அவள் மனக்கதவைத் தட்டுவோர் எவரும் இலர்! மூன்று வீடுகளிலும், "உனக்கு என்ன, அம்மா?" என்று கேட்கும் குரல் இல்லை. கலைஞர்களின் குறை அன்று இது, சமுதாயத்தின் குறை. அவர்கள் காட்டியது அந்த வெற்றிடத்தை. நிரப்ப வேண்டியவர் நாம்.

வீடு மட்டுமே காரணம் என்று நான் வாதாடவில்லை. மனநோய் உடல்நோய்போல் ஒரு நோய். மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. அதனை மறுத்து, "சமுதாயம் மாறட்டும், நோய் தீரும்" என்று காத்திருப்பதும் ஒருவகை மூடநம்பிக்கையே. மறைத்து வைப்பதன் விலையை நம் மண்ணே கண்டது: 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியிலே, சங்கிலியாலே பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயிலே மாண்டனர். 2017-இன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது; தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாது, பெருந்துன்பத்தில் உழல்பவராகக் கருதச் சொல்கிறது. 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி ஆறுதலும் அறிவுரையும் கிடைக்கும். சட்டம் வந்துவிட்டது, எண் வந்துவிட்டது, நாம் இன்னும் வரவில்லை, தோழர்களே!

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானும் உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரும் சென்றோம். உடுக்கைக்காரர் போய்விட்டிருந்தார். முதல் நாள் அவள் பேசவில்லை. நாங்களும் அவளைத் துளைக்கவில்லை. பக்கத்திலே அமர்ந்திருந்தோம், அவ்வளவே. மூன்றாம் முறை சென்றபோது, "என் சான்றிதழ்களை எங்கே வைத்தீர்கள்?" என்று தாயைக் கேட்டாள். அதுவே அவளது முதற்சொல். தாய் அழுதார், பெட்டியைத் திறந்தார். மறுகிழமை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மணநாள் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, இன்னும் நீக்கப்படவில்லை. போர் முடியவில்லை.

டுலாக்கின் பியானோ, டெரெனின் சாவி, ஆக்கர்மேனின் கதவு, இவளுடைய சான்றிதழ்ப் பெட்டி: நான்கும் பூட்டப்பட்டவையே. பேயோட்டக் கூடும் கூட்டம் பூட்டைப் பார்ப்பதில்லை. இந்தப் படங்களைக் கண்டவர் பார்ப்பார். பார்த்தபின் கதவைத் தட்டுவார்.