இலையோடு வரும் கமலா

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் பாலாற்றைக் கடந்தாக வேண்டும். இது வேலூர்ப் பாலாறு அல்ல. காட்டு வழியே ஓடிவந்து காவிரியில் கலக்கும் வேறொரு பாலாறு. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை அக்கரை மைசூர் மாவட்டக் கணக்கில் இருந்தது. பழைய ஆட்கள் இன்றும் ‘மைசூர் பக்கம்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே சோதனைச் சாவடி உண்டு. வண்டி எண்ணைக் கேட்பார்கள், மூட்டையில் என்ன என்று கேட்பார்கள். மலைக்குப் போகும் பக்தர் பையில் எலுமிச்சை இருக்கும். திரும்பி வருகிறவர் பையில் சில நேரம் இலையோடு கிள்ளிய நாலு கமலா ஆரஞ்சு இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இலையோடு இருந்தால் புதுப்பழம் என்பது நம் கடைத்தெருக் கணக்கு. வியாபாரிகளும் வேண்டுமென்றே ஒரு காம்பையும் இரண்டு இலையையும் விட்டுத்தான் அடுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாவர நலச் சட்டத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களுக்குப் போட்டிருக்கும் முதல் நிபந்தனையோ பழத்தோடு காம்பும் இலையும் இருக்கக் கூடாது என்பது. கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் என்ற குட்டிப் பூச்சி முட்டையிடுவதும் குஞ்சு வளர்ப்பதும் கொழுந்தில்தான். பழத்தில் அதற்கு வேலையில்லை, இலையில்தான் அது பயணம் செய்யும். ஆகவே நம் சந்தையில் நயத்துக்கு அடையாளமான இலை, அவர்கள் துறைமுகத்தில் குற்றத்துக்கு அடையாளம்.

ஏற்றுமதிப் பழத்துக்கு நாம் கொடுக்கும் தாவர நலச் சான்றிதழின் பலம் எது, ஓட்டை எது என்று பார்க்க இந்த இலை போதும்.

சான்றிதழின் வேர் பழையது. நம் நாட்டின் அழிவுதரும் பூச்சி, நோய்ச் சட்டம் 1914-இல் வந்தது. சென்னை மாகாணம் 1919-இல் தனியாக ஒரு பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டமே இயற்றியது. 1951-இல் உலக அளவில் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள் எல்லா நாட்டிலும் ஒரே வடிவம் பெற்றது. இந்தியாவில் அந்தப் பொறுப்பு ஃபரிதாபாத்தில் தலைமையகம் கொண்ட பயிர்ப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல் இயக்ககத்துடையது. தோட்டத்தைப் பதிவு செய்வது, பழத்தைப் பெட்டியில் அடைக்கும் பேக் ஹவுஸை அங்கீகரிப்பது, எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்துப் பழம் என்று கணினியில் பின்தொடர்வது ஆகியவற்றுக்கு, வேளாண் ஏற்றுமதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான அபீடாவின் சிட்ரஸ்நெட் இருக்கிறது.

இந்தப் பின்தொடரும் வசதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. திராட்சையில் அது செய்த வேலையை நாசிக் பகுதி விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பாவில் சிக்கல் வந்த பிறகு கிரேப்நெட் உருவானது; ஒரு தோட்டத்தில் தப்பு நடந்தால் அந்தத் தோட்டம் மட்டும் மாட்டும், ஊரே மாட்டாது என்ற நிலை வந்தது. அப்படி ஏற்பாடு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் காட்டியது. பழ ஈயும் வேறு பூச்சிகளும் கண்டுபிடிக்கப்பட்டதால் மாம்பழத்தோடு கத்திரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு நான்கையும் ஐரோப்பா ஒரே அடியாக நிறுத்தியது. நல்ல தோட்டக்காரரும் கெட்ட தோட்டக்காரரும் ஒரே கப்பலில் ஏறினார்கள். மாம்பழத் தடை நீங்க 2015 ஜனவரி ஆனது.

வாங்குகிற நாட்டின் பயம் பொய்யும் அல்ல. ஃபுளோரிடாவில் சில்லிட் பூச்சி 1998-இலும் கிரீனிங் நோய் 2005-இலும் தென்பட்டன. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23-இல் விளைந்தது 1.6 கோடிப் பெட்டிக்கும் குறைவு. புயலும் குளிரும் அந்த வீழ்ச்சியில் பங்கு கேட்டாலும் பெரும்பங்கு நோயினுடையது. அதைப் பார்த்த நாடு எதுவும் இலையைக் கண்டு பதறத்தான் செய்யும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான்; சில்லிட்டுக்குப் பிடித்த செடி. அமெரிக்கா போகும் அம்மாக்கள் பெட்டியில் ஒளித்து வைக்கும் பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தை விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவது அதனால்தான். அவர்களுக்கு ரசம் தாளிப்பதில் பகை ஒன்றுமில்லை.

இனி ஓட்டைக்கு வருவோம். சான்றிதழ் ஒரு கணக்கின் மேல் நிற்கிறது. சரக்கில் நூற்றுக்கு ஒரு பழம் நோயுள்ளதாக இருந்தால் அதை 95 சதவீத நிச்சயத்தோடு பிடிக்க ஏறக்குறைய 300 பழத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 3,000 பழம். இது புள்ளியியல் சொல்வது. அதுவும் பார்க்கிறவர் கண் ஒரு தடவைகூடத் தவறாது என்று வைத்துக்கொண்டு. மாலை ஐந்து மணிக்குக் குளிர்சாதன லாரி வாசலில் நிற்க, வகையறியாத ஒரு புள்ளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ‘இது சொறியா, காற்றில் உரசிய தழும்பா’ என்று முடிவு செய்யும் அதிகாரிக்கு இந்தச் சலுகை கிடையாது. மேலும் புண்ணாகத் தெரியும் சொறி நோயைக் கண்ணால் பார்க்கலாம். கிரீனிங்கை அப்படிப் பார்க்க முடியாது. அது மரத்தின் நோய். மரத்தில் தொற்று ஏறி, இலை மஞ்சள் திட்டாகி, பழம் கோணலாகிக் கசக்கும்வரை மாதங்கள் ஓடிவிடும். பேக் ஹவுஸ் மேசைக்கு வருகிற நல்ல பழம் நல்ல மரத்திலிருந்து வந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சொறி நோய்க்கு வேறொரு சங்கடம். அது நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. 1827 முதல் 1831 வரை இந்தியாவில் சேகரித்த கடாரங்காய் வகைச் செடியின் உலர்ந்த மாதிரிகளில் அந்தப் புண்களை 1933-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறந்த வீடே இதுவாக இருக்கலாம். எனவே ‘நோயற்ற நாடு’, ‘நோயற்ற பகுதி’ என்று ஐரோப்பா தரும் வாசல்கள் நமக்கு ஏட்டளவில்தான் திறந்திருக்கின்றன. மிஞ்சுவது மூன்றாவது வாசல்: தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் அறிகுறி இல்லை என்று காட்டு, மருந்தடி, பழத்தைக் கிருமிநாசினியில் நனை, பதிவேடு வை. அதிலும் நம் புளியங்குடிப் பக்கத்துச் சாறு நிறைந்த எலுமிச்சை சிட்ரஸ் குடும்பத்திலேயே சொறிக்கு அதிகம் இரையாகிறவற்றில் ஒன்று. இலை துளைப்பான் புழு கொழுந்தில் கோலம் போட்ட இடத்தில் பாக்டீரியா புகுந்துகொள்ளும். பிறகு ஒரு மழையும் காற்றும் போதும்.

மருந்தடி என்கிறார்கள், சரி. எதை அடிப்பது? தாமிரக் கலவையோடு ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்துத் தெளிக்கச் சொல்லித் தலைமுறை தலைமுறையாகப் பரிந்துரைத்தார்கள். மனித மருத்துவத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லியை மரத்தில் கொட்டலாமா என்ற கேள்வி வலுத்து, 2021 டிசம்பரில் மத்திய அரசே அதைப் பயிரில் படிப்படியாக நிறுத்தும் வரைவாணை போட்டது. இலை துளைப்பானுக்கும் சில்லிட்டுக்கும் விவசாயி கையிலெடுத்துப் பழகிய குளோர்பைரிபாஸுக்கு ஐரோப்பா 2020-இல் கதவை அடைத்தது; கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் எச்சம் கூடாது. பூச்சி இருந்தால் தாவர நல அதிகாரி திருப்பி அனுப்புவார். பூச்சியைக் கொன்ற மருந்து இருந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி திருப்பி அனுப்புவார். இரண்டு மேசைக்கும் நடுவில் நிற்கிற தோட்டக்காரருக்கு ஒரே தாளில் ஒரே ஆலோசனை எழுதிக் கொடுக்கும் மேசை எது என்று தேடினால் கிடைப்பது அரிது. முறையின் இந்தக் குறையைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் மறைமுகச் சுவர் என்று ஏற்றுமதியாளர்கள் குமுறுவது உண்டு. அதில் பாதி உண்மை. ஃபுளோரிடா சொறியை ஒழிக்கிறேன் என்று நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடி வரை எல்லா மரத்தையும் வெட்டியது. வீட்டுக் கொல்லை மரமும் தப்பவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட மரம் போனபின், 2006-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2009-இல் அமெரிக்க வேளாண் துறை, கழுவிக் கிருமி நீக்கிய பழத்தின் வழியே சொறி பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லித் தன் நாட்டுப் பழத்தைக் கலிபோர்னியா உள்படச் சிட்ரஸ் விளையும் மாநிலங்களுக்கும் போகவிட்டது. தன் வீட்டுப் பழத்துக்கு அறிவியல் எவ்வளவு சீக்கிரம் இளகுகிறது! தென்னாப்பிரிக்காவின் மனக்குறையும் இதே சாயல். 2022 ஜூலையில் அந்துப்பூச்சிக்கான புதிய குளிரூட்டல் விதியை ஐரோப்பா அமலாக்கியபோது பழக் கப்பல்கள் நடுக்கடலில் இருந்தன. தென்னாப்பிரிக்கா உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போனது. 2024 ஏப்ரலில் கரும்புள்ளி நோய் விதியை எதிர்த்து இன்னொரு வழக்கும் தொடுத்தது.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். எகிப்து ஆரஞ்சும் தென்னாப்பிரிக்க ஆரஞ்சும் நம் பழக்கடையில் ஸ்டிக்கரோடு பளபளக்கின்றன. அவை உள்ளே வர, 2003-ஆம் ஆண்டின் இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி நாமும் பூச்சிப் பட்டியல் நீட்டி, குளிரூட்டல் கேட்டு, சான்றிதழ் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். வாங்குபவனாக நிற்கும்போது நியாயமாகத் தெரிவது விற்பவனாக நிற்கும்போது சதியாகத் தெரிந்தால், பிரச்சினை விதியில் மட்டும் இல்லை.

நாக்பூர் ஆரஞ்சுக்கு வெகுகாலம் பெரிய அயல்சந்தை வங்கதேசம். பக்கத்து நாடு, லாரியிலேயே போய்விடும். அங்கே கிலோவுக்கு 20 டாக்காவாக இருந்த இறக்குமதி வரி சில ஆண்டுகளில் 88 டாக்காவானதும் நாக்பூர் விவசாயிகள் ஆடிப்போனார்கள். அது பூச்சி விவகாரம் அல்ல, வரி விவகாரம். ஆனாலும் கேள்வி கேட்காத சந்தை ஒன்று கைவசம் இருக்கும்வரை, கேள்வி கேட்கும் சந்தைக்கு ஆயத்தமாக நாம் அவசரப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் மூலம் கன்றில் இருக்கிறது. குடகுக் கமலாவைப் பாருங்கள். காப்பித் தோட்டத்து நிழலில் ஊடுபயிராக வளர்ந்து, புவிசார் குறியீடும் வாங்கிய பழம். தொப்பியைக் கழற்றுவதுபோலத் தோல் கழலும், தேன் புளிப்பு. அந்த மரங்களைக் கிரீனிங், டிரிஸ்டிசா நச்சுயிரி, வேரழுகல், தண்டு துளைப்பான் எல்லாம் சேர்ந்து தின்றன. அங்குள்ள செட்டள்ளி ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளாக மல்லுக்கு நிற்கிறது. சில்லிட்தான் கிரீனிங்கைக் கடத்துகிறது என்று இந்தியாவில் நிறுவியதே 1967-இல் கபூர் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும். நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அறிந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நோய்த்தாய் மரத்திலிருந்து மொட்டெடுத்து ஒட்டுக்கட்டி, திறந்தவெளியில் வளர்த்து, சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றும் நாற்றுப் பண்ணைப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. பெட்டிப் பழத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பழம் காய்க்கப்போகும் மரத்தின் கன்று பாலாற்றுப் பாலத்தைச் சும்மா கடக்கும்.

உள்நாட்டுக் கட்டுப்பாடு நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1920-களின் இறுதியில் நீலகிரியின் வாட்டில் மரங்களில் பஞ்சுபோன்ற ஒரு செதில்பூச்சி பரவியது. அதற்கு நாற்பது ஆண்டு முன்பு கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கிட்டத்தட்ட முடித்துவைத்த அதே பூச்சி. அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து 1888-இல் கொண்டுவந்த ரொடோலியா என்ற பொறிவண்டு தோட்டங்களைக் காத்தது. இங்கும் அதே வண்டைத் தருவித்து விட்டார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கன்று கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் பட்டியலிலும் அந்தப் பூச்சியின் பெயர் ஏறியது. பட்டியல் ஏட்டில் இருக்கிறது. சாவடியில் நிற்கிறவருக்கு அது தெரியுமா என்பது வேறு கதை. அவர் வனக்காவலர், தாவர நோய் அவர் வேலையும் அல்ல.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம் 2003 முதல் சிட்ரஸ் கன்றைப் பூச்சி புகாத வலைக்கூடத்தில் மட்டுமே வளர்க்க வேண்டும் என்று சட்டமாக்கியது. அடுத்த ஆண்டே அங்கே கிரீனிங் வந்துவிட்டது. வலை அதைத் தடுக்கவில்லை. ஆனால் நோய் கன்றிலேயே ஏறித் தோட்டத்துக்கு வரும் வழி அடைபட்டிருந்தது. நம் மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 9-இல் தூய கன்றுத் திட்டத்துக்கு 1,765.67 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. ஒன்பது மையங்களில் சிட்ரஸுக்கு நாக்பூரும் பிகானேரும். ஏற்றுமதிச் சான்றிதழுக்குச் செலவழித்த எந்தப் பணத்தையும்விட இது சரியான இடத்தில் விழுகிற பணம் என்பது என் கணிப்பு.

ஒரு சிக்கலை மட்டும் அந்தத் திட்டம் எப்படிக் கையாளும் என்று யோசிக்கிறேன். தமிழ்நாட்டு எலுமிச்சையில் பெரும்பகுதி ஒட்டுக்கட்டாமல் விதையில் முளைத்த கன்று. கிரீனிங் விதை வழி பரவுவதில்லை; முளைக்கும்போது கன்று சுத்தமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு பாத்தியில் நிற்கும் ஓராண்டில்தான் நோய் வந்து சேர்கிறது. நாக்பூரில் எவ்வளவு தூய்மையான தாய்மரம் நின்றாலும் சங்கரன்கோவில் பக்கத்துச் சிறு நாற்றுப் பண்ணைக்காரர் வலை கட்டாவிட்டால் பயனில்லை. வலைக்கூடத்தின் செலவைக் கன்று விலையில் ஏற்றினால், மலிவாகக் கிடைக்கும் பக்கத்துப் பண்ணைக் கன்றைத்தான் விவசாயி வாங்குவார்.

வலை கட்டினாலும் இன்னொன்று இருக்கிறது. அப்படிப்பட்ட பண்ணைகளில் கிணற்றடியில், தண்ணீர் வழிகிற இடத்தில், தவறாமல் ஒரு கறிவேப்பிலை நிற்கும். கிரீனிங் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் அது புதுக் கொழுந்து விடுகிறது. சில்லிட்டுக்கு வேண்டியது அதுதான். அதை வெட்டச் சொல்லி எந்த அதிகாரி அந்த வீட்டு அம்மாவிடம் போய் நிற்பார்?