ஒரே இழுப்பு, தோட்டம் பொலபொலன்னு!

அந்த ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் 'டர்ர்ர்' என்று கிளம்புகிறதே ஒரு சத்தம், அதைக் கேட்டாலே எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை! பெரிய வண்டியெல்லாம் இல்லை. 63 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஊற்றுகிற சின்ன பவர் வீடர். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செம்மண் தோட்டத்துக்கு அது தாராளம்.

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மழை விட்டு மண் சற்று உலர்ந்திருக்கிறது. ஒரு பிடி அள்ளி உருட்டிக் கீழே போடுகிறீர்கள், உருண்டை உடைந்து உதிர்கிறது. அதுதான் பதம்! சேறாக இருக்கும்போது ஓட்டினால் காய்ந்ததும் கட்டி கட்டியாகிவிடும். இனி வண்டியைப் பிடியுங்கள். பின்னால் ஒரு இரும்புக் கம்பி தொங்குகிறதே, சூட்சுமம் அத்தனையும் அதில்தான்: கைப்பிடியைக் கீழே அழுத்தினால் கம்பி மண்ணில் ஊன்றி வண்டியை ஓடவிடாமல் பிடிக்கும், கத்திகள் நின்ற இடத்திலேயே சுழன்று ஆழமாக இறங்கும், லேசாகத் தூக்கினால் தானாக முன்னே நடக்கும். அழுத்து, தூக்கு, அழுத்து, தூக்கு... இது கைக்குப் பிடிபட்ட அன்று யாரும் இல்லாத தோட்டத்தில் நான் கத்திக் கொண்டாடினேன்!

அதைவிட, சணப்பு மடக்கி உழுகிற நாள் இருக்கிறதே, அடடா! விதைத்து 45 நாள் வாக்கில் மஞ்சள் மஞ்சளாகப் பூவெடுக்கும்போது அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிட்டு மேலே ஓட்டினேன், பச்சைத்தழை வாசமும் புதுமண் வாசமும் பெட்ரோல் புகையும் சேர்ந்து மூக்கில் ஏற, பின்னாலேயே மைனாவும் கொக்கும் புழு பொறுக்க வந்துவிட, நானும் அவற்றோடு பேசிக்கொண்டே நடக்க, திரும்பிப் பார்த்தால் மண் புட்டுமாவு மாதிரி பொலபொலவென்று கிடக்கிறது, இன்ஜினை அணைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கால் வைத்தேன், கணுக்கால் வரை இறங்கியது, ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவர் எழுதியதைப் பள்ளியில் மார்க்குக்காகப் படித்தவன் அன்றைக்கு மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு உண்மை உண்மை என்று வாய்விட்டுச் சொன்னேன்!

குறையா? கோரையை மட்டும் முதலிலேயே கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள், கத்தி பட்டால் துண்டுக்குத் துண்டு முளைக்கும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலியோரம் நின்று, "தம்பி, நம்ம கத்திரிப் பாத்தியையும் ஒரு ஓட்டு ஓட்டித் தர்றியாப்பா?" என்றார்கள். கேட்டு முடிக்கும் முன்னே வண்டி அவங்க தோட்டத்தில்!