நிறுவாமலே லினக்ஸ்

பழைய லேப்டாப்புக்கு லினக்ஸைப் பழக்குவதில் எனக்குப் பிடித்த கட்டம், அதை நிறுவுவதற்கு முந்தையதுதான். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் பதிப்பை எழுதிய பென்டிரைவைச் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் எழுந்து வருகிறது. பென்டிரைவில் இருப்பது இறுகச் சுருக்கிய, படிக்க மட்டுமே முடிகிற கோப்பு. நாம் செய்யும் மாற்றங்களெல்லாம் அதன்மேல் விரித்த கண்ணாடித்தாளில் எழுதியதுபோல ரேமில் தங்கும். அணைத்தால் தாளோடு போய்விடும். எவ்வளவு குடைந்தாலும் மறுநாள் அச்சு அசலாகப் பழைய முகம்!

ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் 2000-இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் பதிப்பு, ஒரே சிடியிலிருந்து இந்த வித்தையைக் காட்டிப் பெயர் வாங்கியது. எந்தக் கணினியில் போட்டாலும் அதன் உறுப்புகளைத் தானே அடையாளம் கண்டுகொண்டதுதான் அதன் சாமர்த்தியம்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு நின்றது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று விண்டோஸ் 11 ஒதுக்கிய நல்ல லேப்டாப்கள் எத்தனையோ. அவற்றில் ஒருமுறை இந்த லினக்ஸ் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று சோதியுங்கள். சில வைஃபை சில்லுகள் மட்டும் அடம்பிடிக்கும். அப்போதைக்குப் போனை யூஎஸ்பியில் இணைத்து இணையம் வாங்கிக்கொள்ளலாம்.