முதற் கேள்வி: மலையகச் செவியும் முதுபெரும் இசைஞரின் புதுப்பாட்டும்

நூலைப் படிப்போன் ஐயம் எழுந்தால் ஏட்டைப் புரட்டி மீண்டும் படிக்கலாம். ஓவியத்தைக் காண்போன் வேண்டிய பொழுதெல்லாம் அதன்முன் நின்று நோக்கலாம். பாட்டோ செவியைத் தொட்ட கணத்திலேயே கடந்து செல்வது. ஆதலின் பாட்டைப் பற்றிய முதல் மதிப்பீடு பிற கலைகளைப் பற்றிய மதிப்பீட்டினும் மிகுதியாக நினைவையே சார்ந்து நிற்கின்றது. முன்னர்க் கேட்டவற்றைக் கோலாகக் கொண்டே செவி இப்பொழுது கேட்பதை அளக்கும். கேள்வி என்னும் சொல்லை வள்ளுவர் வழங்கிய பொருளிற் கொண்டு இதனை முதற் கேள்வி எனலாம். புகழ் முதிர்ந்த இசைஞர் ஒருவரின் புதிய பாட்டை அவர்தம் சுவைஞர் முதன்முறை கேட்கும்பொழுது இக்கேள்வி எதனை அளக்கின்றது, எதனைத் தவறவிடுகின்றது என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு நுவரெலியா, ஹட்டன் முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் பாட்டு மரபு சிறந்ததோர் உரைகல்லாகும்.

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் 'ஒன்னோட நடந்தா' என்னும் பாட்டு வெளிவந்தது. வெற்றிமாறன் இயக்கிய 'விடுதலை' என்னும் திரைப்படத்தின் முதற் பாகத்துக்கென இளையராஜா இசையமைத்த பாட்டு இது. சொற்களைச் சுகா எழுத, தனுஷும் அனன்யா பட்டும் பாடினர். 1943இற் பிறந்த இசைஞருக்கு அப்பொழுது எழுபத்தொன்பது வயது. 'அன்னக்கிளி' வாயிலாக அவர் திரையிசையில் அடியெடுத்து வைத்த 1976ஆம் ஆண்டிலிருந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தகைய இசைஞரின் புதுப்பாட்டைக் கேட்ட மாத்திரத்தே சுவைஞர் கூறும் தீர்ப்புகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். 'பழைய இளையராஜா மீண்டுவிட்டார்' என்பது ஒன்று. 'பழையதையே மீண்டும் தந்துள்ளார்' என்பது மற்றொன்று. முன்னது புகழ்ச்சி, பின்னது இகழ்ச்சி. எனினும் இரண்டும் ஒரே கோலால் அளந்தவை. இசைஞர் தம் பழைய உருவத்தை ஒத்திருக்கின்றாரா என்ற வினாவுக்கே இரண்டும் விடை பகர்கின்றன. பாட்டு எத்தகையது என்ற வினா எழுப்பப்படவே இல்லை.

1976இல் 'அன்னக்கிளி'யைக் கேட்டோருக்கு இவ்விடர்ப்பாடு இருந்திலது. ஒப்பிடுதற்குப் பழைய இளையராஜா என ஒருவர் அந்நாளில் இல்லை. எம். எஸ். விசுவநாதனின் இசையிற் பழகிய செவிகள், எஸ். ஜானகியின் குரலில் எழுந்த நாட்டுப்புற மெட்டையும் அதனைச் சூழ்ந்த மேனாட்டு வாத்திய ஒலியையும் புதியனவாகவே ஏற்றுக் கொண்டன. ஆகவே முதுமை பெற்ற இசைஞருக்குப் பிறர் போட்டியாதலினும் அவருடைய இளமையே பெரும் போட்டியாகின்றது.

புதிய பாட்டு எதுவாயினும் அதனைப் பற்றிக்கொள்ளச் செவிக்குப் பழகிய பிடி ஒன்று வேண்டும். அப்பிடி மூவகைப்படும். மெட்டுப் பழகியதாய்ச் சொல் புதியதாதல் ஒருவகை. சொல் பழகியதாய் மெட்டுப் புதியதாதல் இரண்டாவது வகை. மெட்டும் சொல்லும் புதியனவாய், ஆக்கியோன் பெயர் மட்டும் பழகியதாதல் மூன்றாவது வகை. இம்மூன்றனுள் முதல்வகைக்கு மலைநாட்டுத் தோட்டங்களே சிறந்த இலக்கியமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867ஆம் ஆண்டின் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் தம்மோடு மெட்டுகளையும் கொணர்ந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் காமன் கூத்துப் பாட்டும் அவ்வாறு வந்தவையே. அம்மெட்டுகளில் புதிய வாழ்வின் பொருள்கள் புகுந்தன. விடியலிற் பிரட்டுக்களத்தில் நிற்றலும், கொழுந்தின் நிறை குறைந்தமையால் அரைப்பேர் விழுதலும், கங்காணியின் கடுமையும், லயத்து அறையின் நெருக்கமும் பாடுபொருளாயின. தொல்காப்பியர் பண்ணத்தி எனக் குறித்தது இத்தகைய வாய்மொழிப் பாட்டின் இனத்தையே என்று கொள்ளுதல் பொருந்தும். மெட்டைக் கற்கவேண்டிய தேவை கேட்போர்க்கு இல்லாமையால், அவர்தம் செவி முதற் கேள்வியிலேயே சொல்லின்மேற் படிந்தது. இரண்டாம் அடி முடிவதற்குள் உடன் பாடவும், மூன்றாம் அடியைத் தம் துயருக்கேற்ப மாற்றிப் பாடவும் இயன்றது. ஆண்டு முதற் கேள்வி தீர்ப்பாக நின்றுவிடாது பங்கேற்பாக வளர்ந்தது.

இவ்வியல்பை நன்குணர்ந்து பயன்படுத்தியவர்கள் கோ. நடேசய்யரும் அவர் மனைவியார் மீனாட்சி அம்மாளும் ஆவர். தஞ்சை மாவட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். கூட்டங்களில் அவர் பேசுவதற்கு முன்னர் மீனாட்சி அம்மாள் பாடுவது வழக்கம். மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைந்த தம் பாட்டுகளை அவர் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூலாக வெளியிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தறியா மக்களுக்குத் தம் நிலைமையை அறிவிக்கும் செய்தித்தாளாகவும் முறையீடாகவும் பாட்டு விளங்கிய காலம் அது. நந்தன் சரித்திர மெட்டுகளையும் சிந்து வகைகளையும் பாரதியார் கையாண்ட நெறியும் இதுவே. பாட்டைக் கேட்டோர் தம் லயங்களுக்குத் திரும்பும்பொழுது அதனை வாயிற் கொண்டு செல்லவேண்டும். அன்றேல் பாடியதனாற் பயனில்லை.

தேயிலை மலைகள் இலங்கைக்கு மட்டும் உரியனவல்ல. கேரளத்துத் தேவிகுளம், மூணாறு மலைகளிலும் தமிழ்த் தொழிலாளர் கொழுந்து பறித்தனர். 1958இல் தேவிகுளத்தில் நிகழ்ந்த இடைத்தேர்தலின்போது பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் அத்தொழிலாளரிடையே பாடியவர் பண்ணைபுரத்துப் பாவலர் வரதராஜன் ஆவார். மக்கள் நாவிற் பயின்ற திரைமெட்டுகளிலும் நாட்டுமெட்டுகளிலும் கட்சியின் கருத்துகளை ஏற்றிப் பாடுவது அவர் முறை. அவருடைய இளவல் தம் பதினான்காம் வயதளவில் அக்குழுவிற் சேர்ந்து ஊர்தோறும் பாடித் திரிந்தார். அவ்விளவலே பின்னாளில் இளையராஜா எனப் பெயர் பெற்றார். மீனாட்சி அம்மாள் ஹட்டனிற் கையாண்ட அதே நெறியிலேயே இளையராஜாவின் இசைப்பயிற்சியும் தொடங்கிற்று என்பது கருதத்தக்கது. பழகிய மெட்டைக் கேட்டவுடன் மக்களின் முகம் எவ்வாறு மலர்கின்றது என்பதைத் தமக்கென ஒரு மெட்டை அமைப்பதற்கு முன்னரே அவர் கண்டறிந்திருந்தார்.

இரண்டாவது வகைக்கும் அவருடைய ஆக்கமே சான்றாகின்றது. 2005இல் அவர் திருவாசகத்துக்குப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு புதிய இசை வடிவம் அமைத்தார். கோயில்களில் ஓதுவார்கள் மோகனத்தில் ஓதக்கேட்ட திருவாசகமே தமிழ்ச் சைவர்தம் செவிக்குப் பழகியது. ஆங்கு மணிவாசகர் சொல் பழையது. இசை முற்றிலும் புதியது. ஓதுமுறையிற் பழகிய செவிக்கு அது முதற்கண் அயலாகவும், திரையிசையிற் பழகிய செவிக்குத் திருவாசகமே புதிதாகவும் தோன்றுதல் இயல்பு. எனினும் இருதிறத்தாரும் ஒன்றைச் செய்தல் இயலும்: இச்சொல்லுக்கு இவ்விசை பொருந்துமா என வினவலாம். அவ்வினா பாட்டைப் பற்றியது, திறனாய்வுக்கு வாயிலாவது.

மூன்றாவது வகையாகிய திரைப்பாட்டில் அவ்வாயில் எளிதில் திறப்பதில்லை. மெட்டும் சொல்லும் ஒருங்கே புதியனவாதலின், செவி பெயரையே பற்றுகின்றது. மலைநாட்டில் இப்பழக்கத்தை வளர்த்தது வானொலியாகும். இந்திய வானொலி 1952 முதற் சில ஆண்டுகள் திரைப்பாட்டை விலக்கியிருந்தபொழுது, இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அதனைக் கடல் கடந்தும் பரப்பியது. பாட்டுக்கு முன் படத்தின் பெயரையும் பாடியோர், இசையமைத்தோர் பெயர்களையும் அறிவிப்பாளர் கூறுவர். இவ்வாறு பாட்டுக்கு முன்னே பெயர் வந்தது. ஆயினும் வானொலிக் காலத்துக்கு ஒரு நன்மையும் இருந்தது. ஒருமுறை கேட்ட பாட்டு மீண்டும் எப்பொழுது ஒலிக்கும் என்று அறியாமையால், கேட்டோர் அதனை நினைவிற் கொண்டு முணுமுணுத்தனர்; மறந்த அடியைப் பிறரிடம் வினவினர். பல நாட் கேள்விக்குப் பின்னரே மதிப்பீடு உருப்பெற்றது. இன்று கைப்பேசியில் ஒரே பாட்டை நூறுமுறை கேட்கலாம். எனினும் முதன்முறை முடிவதற்குள்ளேயே தீர்ப்பு வெளிவந்துவிடுகின்றது.

'ஒன்னோட நடந்தா' பாட்டை மட்டும் முதலிற் கேட்டோர் தவறவிட்டது யாது? படம் மார்ச் 31ஆம் நாளிலேயே திரைக்கு வந்தது. அதுவரை அப்பாட்டு இனியதொரு காதற்பாட்டாக மட்டுமே கேட்கப்பட்டது. படத்திலோ, மலைச்சிற்றூர்களைக் காவற்படை அடக்கியாளும் சூழலிலே, அப்படையைச் சேர்ந்த காவலன் ஒருவனும் அடக்குமுறைக்கு உள்ளான மக்களைச் சேர்ந்த பெண்ணொருத்தியும் கொண்ட அன்பு அது. அச்சூழலில் இருவர் மலைவழியில் உடன் நடத்தலே பெருந்துணிவாகின்றது. நாட்டார் பாட்டின் எளிமையை நாடும் அம்மெட்டு அத்துணிவை ஆரவாரமின்றித் தாங்கி நிற்கின்றது. எளிமையைப் பழமை எனக் கொண்டு இகழ்ந்தோரும், பழமை எனக் கொண்டே புகழ்ந்தோரும் இவ்வமைதியைக் கேட்டிலர்.

இவ்விடத்தில் மலைநாட்டுச் செவிக்குத் தனியானதோர் அளவுகோல் உண்டு. பாட்டு வெளிவந்த 2023ஆம் ஆண்டே மலையகத் தமிழர் தம் வரவின் இருநூறாவது ஆண்டாக நினைவுகூர்ந்த ஆண்டுமாகும். சங்கப் புலவர் குறிஞ்சியைப் புணர்தலுக்கு உரிய நிலமாக வகுத்தனர். தோட்டத்து மக்களுக்கோ மலை என்பது அன்றாடம் கூடை சுமந்து ஏறி இறங்கும் பணியிடம். அவர்தம் பாட்டில் காதலும் கூலியும் ஒரே மூச்சில் வருதல் வழக்கம். அம்மரபை உடையோர், மலைவழியில் நடக்கும் இருவரைப் பற்றிய புதுப்பாட்டைக் கேட்கும்பொழுது, இசைஞரின் இளமைப் பாட்டுகளோடு மட்டும் ஒப்பிட்டு நிற்க வேண்டுவதில்லை. தம் பாட்டிமார் கொழுந்து மலையிற் பாடிய பாட்டோடும் ஒப்பிடலாம். அவ்வொப்பீடு பெயரைத் தாண்டிப் பாட்டின் பொருளையும் அமைப்பையும் தொடும்.

முதற் கேள்வியின் உவகை உண்மையானதன்றோ, அதனை ஏன் ஐயுறல் வேண்டும் என வினவுவாரும் உளர். அவ்வுவகை உண்மையே. அது இன்றேல் இரண்டாம் கேள்விக்கு எவரும் அமரார். ஆக்கியோன் பெயரறிந்து கேட்டலும் குற்றமன்று. நெடுங்காலம் பழகிய அன்பின் பயன் அது. ஆனால் உவகை வேறு, தீர்ப்பு வேறு. முன்னது கேட்ட கணத்தில் பிறப்பது. பின்னது கேட்டவற்றை ஒப்பிட்டு, இடமும் பொருளும் அறிந்து முதிர்வது. முன்னதைப் பின்னதாக மயங்குவோர் முதிய இசைஞர்க்கும் தீங்கு செய்கின்றனர். அவர் புதியது செய்தால் அயல் என்றும், பழகியது செய்தால் பழையது என்றும் கூறுவதனால் அவர் செல்லும் வழி இரண்டும் அடைபடுகின்றன.

அதனினும் பெரிய தீங்கு மற்றொன்றுண்டு. பெயரைப் பற்றியே கேட்கப் பழகிய செவி, பெயரில்லாப் பாட்டைக் கேளாது விடும். மலைநாட்டுப் பாட்டுகளுக்கு ஆக்கியோன் பெயர் இல்லை. அவை நாவிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து நாவுக்கும் மாறி வாழ்ந்தவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனக் கணக்கிட்டது. அதன் விளைவாகக் குடும்பங்கள் பிரிந்தபொழுது பாடுவோர் ஒரு கரையிலும் கேட்போர் மறுகரையிலும் ஆயினர். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்கள்தோறும் கேட்டுத் தொகுத்திராவிடின் இன்று அறியப்படும் பாட்டுகளுட் பல மறைந்தொழிந்திருக்கும். மீனாட்சி அம்மாள் நூலாக்கியமையாலேயே அவர் பாட்டுகளும் எஞ்சின. தொகுப்பாரின்றி அழிந்தவை எத்துணையோ!

ஆகவே கல்வி நிலையங்களில் இசையும் இலக்கியமும் பயில்வோர்க்கு இரண்டு கடமைகள் உள. முதுபெரும் இசைஞரின் புதுப்பாட்டைக் கேட்குங்கால் முதல் உவகையைத் துய்த்து, மும்முறையேனும் கேட்டு, அது பிறந்த இடத்தோடும் சொல்லோடும் பொருத்தி நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் ஒன்று. மலைநாட்டு லயங்களில் இன்னும் பாட வல்ல மூதாட்டியர் இருக்கும்பொழுதே, பெயரற்ற அவர்தம் பாட்டுகளையும் அதே கருத்தோடு கேட்டுப் பதிதல் மற்றொன்று. தேயிலைத் தொழிலாளர்க்குப் பாடிய குழுவிற் பயின்ற இசைஞரின் புலமை நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் நாட்டார் மெட்டின் எளிமையையே நாடுமாயின், அவ்வெளிமையின் ஊற்றை அறியாது அவரை அளத்தல் எங்ஙனம் இயலும்? இரண்டாவது கடமையை ஆற்றியோரே முதலாவதனைச் செவ்வனே ஆற்ற வல்லவராவர்.