கேள்வி யாருடையது, தீர்ப்பு யாருடையது?

ஓட்டுப் போட்டதோடு பிரஜையின் வேலை தீர்ந்தது. எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது என்பது சபைக்குப் போனவர்கள் பாடு. பெரும்பாலான தேசங்களில் இதுதான் வழக்கம். ஸ்விட்ஸர்லாந்துக்காரர்களுக்கு இது போதவில்லை. அரசியல் சட்டத்தில் திருத்தம் வேண்டுமென்று 50,000 பேர் கையெழுத்திட்டால் அதை ஜன வாக்குக்கு விடவேண்டும் என்று 1891-ல் விதித்தார்கள். இன்று அந்தத் தொகை 1,00,000.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உரிமையைக் கொண்டு 1893-ல் ஜனங்கள் முதன்முதலாக நிறைவேற்றியது என்ன? மிருகங்களை மயக்காமல் அறுக்கக்கூடாது என்ற விதி. பெயர் என்னவோ ஜீவகாருண்யம். அடி விழுந்தது யூதர்களின் சமய ஆசாரத்தின்மேல். 2009-ல் மசூதிகளுக்கு மினார் கட்டக்கூடாது என்ற தடையும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது.

பின்லாந்து 2012-ல் வேறு வழி கண்டது. ஆறு மாதத்துக்குள் 50,000 கையெழுத்துச் சேர்ந்தால் அந்த யோசனை பார்லிமெண்டுக்கு வரும், முடிவு பார்லிமெண்டுடையது. ஒரே பாலினத்தவர் மணந்துகொள்ளும் உரிமை 2013-ல் கமிட்டியிலேயே நின்றுபோன விஷயம். ஜனங்களின் கையெழுத்தோடு திரும்பி வந்தபோது 2014-ல் 105-க்கு 92 என்ற கணக்கில் தேறிற்று. அப்படித் தேறியவை சிலவே என்பதும் உண்மைதான்.

இருந்தாலும் எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமை தெருவில் நிற்பவனுக்கும் வேண்டும். தீர்ப்பு மட்டும், கையெழுத்துச் சேர்க்க ஆள் பலமில்லாத சிறு கூட்டத்தின் நியாயத்தையும் உட்கார்ந்து கேட்கிற இடத்தில் இருக்கட்டும்.