கணினி வைத்தால் போதுமா? 'சுவரில் ஒரு துளை' சொல்லும் கதையும் சொல்லாத கதையும்

"தொழில்நுட்பமும் கல்வியும்" என்று ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: இணையம் வந்துவிட்டது, இனி ஏழைப் பிள்ளைகளும் உலகத் தரத்தில் படிக்கலாம், ஆசிரியர் இல்லாத குறை தெரியாது. மாணவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. பட்டறைகளில் நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? அந்தப் பேச்சுக்குச் சான்றாக அடிக்கடி திரையில் ஓடுவது சுகதா மித்ராவின் உரை. அந்த உரையை நாம் சரியாகக் கேட்டிருக்கிறோமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1999 ஜனவரியில் புதுடில்லியின் கல்காஜி பகுதியில், தாம் வேலை பார்த்த என்.ஐ.ஐ.டி. நிறுவன அலுவலகத்துக்கும் பக்கத்துச் சேரிக்கும் இடையில் இருந்த சுவரில் மித்ரா ஒரு துளை போட்டு, இணையத் தொடர்புள்ள கணினியைப் பொருத்தினார். யாரும் சொல்லித்தரவில்லை. சேரிப் பிள்ளைகள் தாங்களாகவே தட்டித் தடவி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து, கணினியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். பிறகு இந்த முயற்சி இந்தியாவின் பல ஊர்களுக்குப் பரவியது. 2013-இல் டெட் அமைப்பின் 10 இலட்சம் அமெரிக்க டாலர் பரிசும் மித்ராவுக்குக் கிடைத்தது. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால், நல்ல கதை எல்லாம் நல்ல சான்று ஆகிவிடாது.

டில்லியில் இத்தகைய ஒரு துளையை நேரில் போய்ப் பார்த்த ஆய்வாளர்களில் மார்க் வார்ஷாவர் ஒருவர். அவர் 2002-இல் எழுதியதைப் படித்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. இணையத் தொடர்பு பெரும்பாலும் வேலை செய்யவில்லை. இந்தியில் பாடம் எதுவும் இல்லை. பிள்ளைகள் அதிக நேரம் செலவிட்டது படம் வரைவதிலும் விளையாட்டிலும்தான். பிள்ளைகளின் பெற்றோரில் சிலருக்கே இதில் மனக்குறை இருந்தது. பின்னர் உத்தராகண்ட் மாநிலத்தின் அல்மோராவுக்கும் ஹவால்பாகுக்கும் போன பாயல் அரோரா, அங்கே வைக்கப்பட்ட கணினிகள் பயன்பாட்டில் இல்லாமல் போயிருந்ததைக் கண்டு 2010-இல் எழுதினார். கணினியைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. பழுது பார்ப்பது, மின்கட்டணம் கட்டுவது, "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்று கேட்பது எல்லாம் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அந்த உரையில் இதற்கு இடமில்லை.

இனி நமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருவோம். மித்ரா தம் கருத்தின் எல்லையைச் சோதிக்க காளிகுப்பம் என்ற தென்னிந்தியக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் உள்ள உயிரியல் தொழில்நுட்பப் பாடத்தைத் தாங்களாகவே கற்க முடியுமா? முடியாது என்று நிரூபித்துவிட்டு வரத்தான் போனதாக அவரே சொல்கிறார். தொடக்கச் சோதனையில் கிட்டத்தட்ட சுழியம். இரண்டு மாதம் கழித்து 30 விழுக்காடு.  இந்த இடத்தில் நாம் கைதட்டுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். கதை அதோடு முடியவில்லை. 30 போதாது என்று மித்ராவுக்கே தெரியும். அதனால் ஓர் ஆளைத் தேடினார். பிள்ளைகளுக்குப் பழக்கமான, கணக்கர் வேலை பார்த்த 22 வயதுப் பெண் கிடைத்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, "அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அடுத்தது என்ன? எனக்கும் காட்டுங்க" என்கிற மாதிரி பேசுவதுதான் அவர் வேலை. பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் நடந்துகொள்வதுபோல. மேலும் இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50-ஐத் தொட்டது. தகுதி பெற்ற ஆசிரியரிடம் இதே பாடத்தைப் படித்த டில்லித் தனியார் பள்ளி மாணவர்களின் அளவு அது.

இந்த எண்களை நீங்களே எடைபோட்டுப் பாருங்கள். கணினி பிள்ளைகளை 30 வரை கொண்டுவந்தது. அங்கிருந்து 50-க்கு ஏறியது, பக்கத்தில் ஒரு மனிதர் வந்து நின்ற பிறகு. அப்படியானால் இந்தச் சோதனை "ஆசிரியர் தேவையில்லை" என்பதற்குச் சான்றா, "யாராவது ஒருவர் வேண்டும்" என்பதற்குச் சான்றா? மித்ராவின் அடுத்த முயற்சியே பதில் சொல்லிவிடுகிறது. 2009-இல் அவர் பிரிட்டனில் தன்னார்வலர்களைத் திரட்டி, ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளோடு பேச வைத்தார். அதற்கு வழங்கிய பெயரே 'பாட்டிமார் மேகம்'. அதாவது, இணையத்தை வைத்து மனிதரை நீக்கவில்லை. தூரத்தில் இருந்த மனிதரை உள்ளே அழைத்து வந்தார். அவர் செய்த வேலை நல்ல வேலை. அதற்கு அவர் ஒட்டிய விளம்பரம்தான் தவறு. இது ஒரு கிராமத்துப் பிள்ளைகள் சிலரிடம் செய்த சோதனை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆசிரியர்களாகிய நாம் உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. அதே ஆய்வில் இன்னொரு ஒப்பீடு உண்டு. காளிகுப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அரசுப் பள்ளியில் இதே பாடம் முறையாகக் கற்பிக்கப்பட்டது. கணினியை மட்டும் வைத்துக்கொண்டு படித்த பிள்ளைகளின் மதிப்பெண், அந்தப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணுக்கு ஈடாக இருந்தது. இது சுடத்தான் செய்கிறது. வகுப்பில் ஒருவர் நிற்பதாலேயே கற்றல் நடந்துவிடாது என்று இந்த எண் சொல்கிறது. அந்தக் கணக்கர் பெண்ணிடம் இருந்ததும் நம்மிடம் சில நாள்களில் இல்லாமல் போவதும் ஒன்றுதான்: பிள்ளை செய்வதைப் பார்த்து உண்மையாகவே வியந்து கேட்பது.

கருவி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு பெரிய அளவில் ஓர் எடுத்துக்காட்டு. 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் அங்கே இலட்சக்கணக்கான கணினிகள் வழங்கப்பட்டன. அமெரிக்கக் கண்ட மேம்பாட்டு வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை எடுத்து, கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டு 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுச் சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு நற்பலன் தெரிந்தது. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இணையமே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டில் சபாவின் பிட்டாஸ் பகுதியில் ஒரு மாணவி இணையம் தேடி மரத்தில் ஏறித் தேர்வு எழுதிய காணொலியை நாமெல்லாம் பார்த்தோம். ஆக, கருவியும் அலைவரிசையும் தேவையில்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் வாயில்லை. அவை கட்டாயம் போய்ச் சேர வேண்டும். ஆனால், அந்தக் காலத்தில் புலனத்தில் பாடம் அனுப்பிய ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வேலைக்குப் போன அப்பாவின் திறன்பேசி இரவில் வீடு திரும்பும்வரை காத்திருந்த பிள்ளை, பாடத்தைத் திறந்ததும் முதலில் அனுப்பிய செய்தி, "டீச்சர், இருக்கீங்களா?"

தேர்வு எழுதும் மாணவர்களே, இந்தத் தலைப்பு வந்தால் "இணையம் கல்வியை எல்லாருக்கும் கொண்டுசேர்க்கிறது" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். யாருக்கு, எந்த மொழியில், யார் துணையோடு என்ற மூன்று கேள்விகளை அந்த வரியிடம் கேளுங்கள். காளிகுப்பத்தையும் பெருவையும் அடுத்தடுத்து வைத்தாலே கருத்து, விளக்கம், சான்று, மறுப்பு நான்கும் கையில் வந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பரிந்துரை. அடுத்த முறை மித்ராவின் உரையை வகுப்பில் காட்டினால், 30 விழுக்காடு வரும் இடத்தில் நிறுத்துங்கள். "இனி என்ன செய்தால் இது 50 ஆகும்?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் சொல்லட்டும். பின்னால் நின்று கேளுங்கள்.