பணயமாக வைக்கப்பட்டவள்

ஜார்ஜெட் ஹேயரின் 'பிஸ்டல்ஸ் ஃபார் டூ' தொகுப்பை முதலில் வாசித்தபோது எனக்கு வயது 19. 1960இல் வெளிவந்த நூல், 11 கதைகள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து, குதிரை வண்டிகள், நடன விருந்துகள், கடைசியில் கல்யாணம். விடுதி அறையில் ஒரே மூச்சில் படித்து முடித்து, மகிழ்ச்சியோடு மூடிவைத்தேன். அந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான் இப்போது யோசிக்கிறேன்.

'ஹஸார்ட்' என்ற கதையில் ஒருவன் தாயக்கட்டையில் தன் மாற்றாந்தாய் மகளான தங்கை ஹெலனைப் பணயம் வைக்கிறான். குடிபோதையில் இருக்கும் இளம் பிரபு ஒருவன் அவளை வெல்கிறான். ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனை நோக்கி வண்டி புறப்படுகிறது. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு, 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதமின்றி இங்கிலாந்தில் மணம் முடிப்பது கடினம். அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. போதை தெளிந்ததும் பிரபு கண்ணியமாக நடக்கிறான். இறுதியில் அவளையே விரும்புகிறான்.

வென்றவன் நல்லவனாக இருந்துவிட்டதால் சூதாட்டம் மன்னிக்கப்படுகிறது. பணயம் வைக்கும் உரிமையை அண்ணனுக்கு யார் கொடுத்தது? பாரதியின் பாஞ்சாலி சபையில் நின்று கேட்ட கேள்வி அது. அவளைப் படித்து வளர்ந்த நானும் அன்று ஹெலனுக்காக அதைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை அமைந்துவிட்டானே என்று நிம்மதியடைந்தேன். நம் வீடுகளிலும் இந்த நிம்மதியைப் பார்த்திருக்கிறோம், இல்லையா?

'எ ஹஸ்பண்ட் ஃபார் ஃபேனி' கதை எனக்கு இன்றும் பிடிக்கும். மகளுக்கு வரன் தேடும் விதவைத் தாயைத்தான் பிரபு விரும்புகிறார். நடுவயதுப் பெண்ணின் ஆசையைக் கேலி செய்யாமல் எழுதியது சிறிய காரியமல்ல. ஆனால் அக்காலச் சட்டத்தில், கணவனை இழந்தவளுக்கும் மணமாகாதவளுக்கும் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. தனி ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், தாலி கட்டாத அந்த ஊரிலும் மணமானதுமே மனைவியின் பணம் கணவனுடையதாகிவிடும். 1870இலும் 1882இலும் வந்த சட்டங்கள்தான் இதை மாற்றின. ஹேயரின் கதைகள் சரியாக அந்த வாசலில் நின்றுவிடுகின்றன.

இத்தனைக்கும் ஹேயர் தன் எழுத்து வருமானத்தால் குடும்பத்தைத் தாங்கியவர். பெண்ணின் கையில் பணம் இருப்பதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். அவருடைய நாயகிகளுக்குக் கூர்மையான நாக்கைக் கொடுத்தார். பணப்பெட்டியின் சாவியைக் கொடுக்கவில்லை.

இக்கதைகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காதல் கதை வாசிக்கும் பெண்களை ஏளனம் செய்ய இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ரசித்துப் படியுங்கள். முடித்த பிறகு ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: அவன் இவ்வளவு நல்லவனாக இல்லாதிருந்தால், அவளுக்குப் போக்கிடம் எது?